துறைமுகத்தில் எடுத்த ஒன்பது ஷாட்டுகள்

பதினாறு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு மீன் ஆலைக்குப் போனவள் நான். நாற்பத்தொன்றில் இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்க வந்தேன். மதிப்பெண் இல்லாதவர்களுக்குப் பட்டப்படிப்புக்கு முன்னால் ஃபவுண்டேஷன் என்று ஒரு வருடம் வைத்திருக்கிறார்கள். தேறினால் முதலாண்டு, தேறாவிட்டால் மறுபடியும் மீன்தான்.

எனக்கு வாய்த்த ஜோடி டாம்சின், பத்தொன்பது வயது. துறைமுகத்தைப் பற்றி ஐந்து நிமிடப் படம். காமிரா என் பொறுப்பு, எடிட்டிங் அவள் பொறுப்பு, மதிப்பெண் தனித்தனி. வெள்ளிக்கிழமை அவளே சமர்ப்பித்தாள். வகுப்பில் போட்டபோதுதான் பார்த்தேன். என் பெயர் போட்டிருந்த ஒன்பது ஷாட்டில் ஒன்றுகூட நான் எடுத்தது இல்லை.

"இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க மெமரி கார்டுலேருந்துதான், மாக்ஸின்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வியாழக்கிழமை தவறாமல் காணாமல் போவாள். கேட்டால் பல் டாக்டர் என்பாள். ஒரு வாய்க்கு எத்தனை பல்? இணையத்தில் யாருடையதையோ சுட்டு என் தலையில் கட்டிவிட்டாள் என்று முடிவுகட்டினேன்.

திங்களன்று அடுத்த பயிற்சிக்கான பின்னணிக் குரல் பதிவு. என் காலரில் வயர்லெஸ் மைக், அவள் காதில் ஹெட்ஃபோன். தேநீர் இடைவேளையில் அடுத்த அறையிலிருந்த ஆசிரியர் கீத்திடம் போனேன்.

"சொல்லவே சங்கடமா இருக்கு, கீத். டாம்சின் திருடியிருக்கா."

"அப்ப நான் விசாரணைக்கு எழுதித்தான் ஆகணும். நிரூபணமானா அவ சீட்டு போயிடும்."

"போகட்டும்."

திரும்பி வந்தபோது டாம்சினின் கண் சிவந்திருந்தது.

"மைக்க அணைக்காம போயிட்டீங்க" என்றாள்.



"நீங்க எடுத்தது ஒன்பதும் மங்கல். ஃபோகஸ் ஆள் மேல நிக்காம பின்னாடி சுவத்துல நிக்குது. அதான் வியாழக்கிழமையில நானே போய் திரும்ப எடுத்தேன்."

"என்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"சொன்னா படிப்ப விட்டுட்டுப் போயிடுவீங்க. போன மாசமே ரெண்டு தடவ அப்படிச் சொன்னீங்க."

வெட்கத்தில் உடம்பே கூசியது. உண்மையைச் சொன்னாலும் நான் எடுக்காததை என் பெயரில் போட்ட குற்றம் அவள் தலையில்தான் விழும். சொல்லாவிட்டாலும் போவது அவள். பழியை நான் ஏற்றால் போவது என் சீட்டு. நான் ஒன்றும் உத்தமி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கவும் செய்தேன். பிறகு போய்க் கீத்தின் கதவைத் தட்டினேன்.

"அனுப்பிட்டீங்களா?"

"இப்பதான் அவ பேரை எழுதறேன்."

"அதை அடிச்சிட்டு என் பேர எழுதுங்க. அவ திருடல, அவளே எடுத்தது. எடுத்துக் குடுன்னு அவளக் கெஞ்சினது நான்தான்."