பெருமாளின் எடை

சின்ன காஞ்சிபுரம் பாச்சா, அமெரிக்கக் கோயில் ஒன்றின் உற்சவத்தில் பெருமாள் பல்லக்குத் தூக்க மூன்று மாதம் போவதாக இருந்தார். அவருக்குப் பயணக் காப்பீட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டியது ஏஜெண்டான என் தலையெழுத்து.

"வேலையில எத்தினி கிலோ சொம தூக்குவீங்க, சாமி?"

"பெருமாளைச் சுமைங்கறயா, பரசுராமா? அவர் புஷ்பம்யா! சைபர்னு போடு."

இருபது கிலோவுக்கு மேல் தூக்குகிறவருக்குக் காப்பீடே கிடையாது. அவராகவே சைபர் என்றதும் நான் வாயை மூடிக்கொண்டு சைபரே போட்டேன். பாலிசியும் வந்தது.

அவர் போன பத்தாம் நாள் அங்கிருந்து தகவல் வந்தது. கருட சேவையன்று பாச்சாவின் தோள் மூட்டு நழுவி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்.

கம்பெனிக்காரர்கள் படிவத்தைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: எடையே இல்லாத ஒன்றைத் தூக்கினால் தோள் எப்படி நழுவும்? வந்த ஆத்திரத்தில் பாச்சாவுக்கே போன் போட்டேன்.

"நீங்களே சொல்லுங்க சாமி, பூவத் தூக்கினா தோள் நழுவுமா?"



"அதைத்தான்யா முப்பது வருஷமா அவரைக் கேட்டுண்டிருக்கேன். வாயைத் திறக்க மாட்டேங்கறாரே!"