முடிஞ்ச மாதிரி

என்னை டீம் லீட் ஆக்கியபோது இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கலர் கலர் அட்டைகளில் எதையெதையோ எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே, எங்கள் வேலையைக் கெடுப்பது ஒரே ஒரு சொல் என்று தெரிந்துபோனது. அதைப் பற்றி அந்தப் பயிற்சியில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

அந்தச் சொல் ‘மாதிரி’. வேலை முடிந்ததா என்று கேட்டால், “முடிஞ்ச மாதிரிதான்” என்பார்கள். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை, பிடி கொடுக்காத பதில். அதனால் ஒரு சட்டம் போட்டேன். எங்கள் மீட்டிங்கில் யார் அந்தச் சொல்லைச் சொன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். மிச்சம் என்ன என்று சொன்ன பிறகுதான் உட்காரலாம். முதல் வாரம் ஆறு பேரும் நின்றார்கள். நானே ஒரு தடவை நின்றேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கான மென்பொருள். ரத்தம் எடுத்ததும் நோயாளியின் பெயர் லேபிளில் அச்சாகும், அதைக் குழாயில் ஒட்டுவார்கள். திங்கட்கிழமை அதை ஓடவிட வேண்டும். வியாழக்கிழமை எங்கள் டெஸ்டர் இரண்டு லேபிள்களைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். எதிலும் குற்றம் கண்டுபிடிப்பதால் அவளுக்கு ‘நொட்டை’ என்று பெயர். அவளுக்கு அதில் பெருமைதான்.

“அக்கா, ரோல் தீர்ந்து புது ரோல் போட்டதும், முதல் லேபிள்ல முந்தின ஆளோட பேர் வருது.”

“எப்பவுமா?”

“பத்துக்கு ஒரு தடவை. ஏன்னு இன்னும் பிடிபடல.”

ஒருவருடைய ரத்தத்துக்கு இன்னொருவர் பெயர்.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் என் அக்காவின் கணவர். அலுவலகத்தில் சார், வீட்டில் அத்தான். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது என் கொள்கை, கலப்பது அவருடைய பழக்கம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். ‘சோதித்துப் பார்த்தேன், நோயாளிகளுக்குப் பயன்படுத்தலாம்’ என்ற வரிக்குக் கீழே டீம் லீட் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“பத்துக்கு ஒண்ணுதானே. ஓடவிட்டுட்டு சரி பண்ணிக்கலாம். கையெழுத்துப் போடும்மா.”

“முடியாது சார்.”

“சார்னு சொல்லாத. அத்தான் கேக்கறேன்.”

“அத்தான் கேட்டாலும் முடியாது.”

“அப்போ உன் இடத்துக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும். நாளைக்குள்ள யோசிச்சுச் சொல்லு.”

பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அந்த நாற்காலிக்காக ஒன்பது வருடம் காத்திருந்தவள் நான். அதைவிட, அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஆனாலும் படிவத்தைக் காலியாகவே அவர் மேசையில் விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தின் தலைவி வந்தார். நாங்கள் ஏழு பேரும் அத்தானும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். “திங்கக்கிழமை தயாரா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

“எல்லாம் முடிஞ்ச மாதிரிதான் மேடம்.”

“சார், எழுந்து நில்லுங்க” என்றான் ஓட்டைவாய்.

ஓட்டைவாய் எங்கள் புரோகிராமர். வேண்டுமென்று சொல்லவில்லை. எட்டு மாதப் பழக்கத்தில் வந்துவிட்டது. யாரிடம் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்து, முகம் வெளுத்துப்போனான்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “எதுக்கு நிக்கணும்?”

வாயைத் திறக்காதே என்பதுபோல அத்தான் என்னைப் பார்த்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாரோ ஒருவருடைய உயிர் விஷயத்தில் கண்ணாலேயே என்னை அடக்கப் பார்க்கிறார் இந்த மனிதர். நான் எழுந்து நின்றேன்.

“மிச்சம் என்னன்னு சொல்றதுக்கு மேடம். ஒண்ணு மிச்சம் இருக்கு.” நடந்ததைச் சொல்லி, இரண்டு லேபிள்களையும் அவர் முன்னால் வைத்தேன்.

இரண்டு பெயர்களையும் அவர் வாய்விட்டுப் படித்தார். “இவருக்கு ரத்தம் ஏத்தற நிலைமை வந்தா?” என்று கேட்டார். லேபிள்களை என் பக்கம் தள்ளினார். “எப்ப சரியாகும்?”

“தெரியாது மேடம். தெரியாத தேதியைச் சொல்ல மாட்டேன். எப்ப முடியும்கறதைப் புதன்கிழமை சொல்றேன்.”

“சரி. அதுவரைக்கும் கையாலயே எழுதி ஒட்டிக்கறோம்” என்று குறித்துக்கொண்டு எழுந்து போனார்.

கதவு மூடியதும் அத்தான் வெடித்தார். “என் மானத்தை வாங்கிட்ட. இந்த நிமிஷத்துலேருந்து டீமை நானே பாத்துக்கறேன்.”

“தாராளமா பாத்துக்குங்க” என்றேன். அவர் கொண்டுவந்திருந்த கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை உருவி அவர் முன்னால் வைத்து, மேலே பேனாவையும் வைத்தேன். “இப்ப லீட் நீங்கதான். கையெழுத்தைப் போடுங்க, திங்கக்கிழமையே ஓடட்டும். சார் போட்டுட்டார்னு அவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

ஆறு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் பேனாவை எடுத்துத் திறந்தார். அந்த வரியைப் படித்தார். அதை அவர் முழுதாகப் படித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். மறுபடியும் ஒரு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“புதன்கிழமைன்னியே,” என்றார், என்னைப் பார்க்காமல். “காலையிலயா, சாயங்காலமா?”

காலையில் என்று சொல்லியிருந்தால் அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

“சாயங்காலம்” என்றேன்.