நீல மூடி

சாலைக் கடைவீதியில் இரும்புச் சுமடு எடுக்கிற சுடலைக்கண்ணுவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்காது. ஆறு நாளும் கம்பியும் தகடும் தோளில் ஏற்றி இறக்கி ஓய்ந்த மனிதன் ஏழாம் நாளாவது படுத்துக் கிடக்கலாம். கிடக்கமாட்டான். கரமனையில் வினீத் வீட்டுக்குப் போய்ப் பின்பக்கத்துப் பலாமரத்தடியில் எஞ்சினோடு மல்லுக்கட்டுவான். வினீத் வாட்டர் ஆபீசில் கிளார்க். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஒரு பைத்தியம்தான்: பழைய வண்டியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டீசல் எஞ்சினை உட்கார வைப்பது. நாலு வருஷத்தில் ஒரு அம்பாசடரும் ஒரு ஜீப்பும் முடித்திருந்தார்கள்.

மூன்றாவதாகக் கை வைத்தது வினீத் மனைவி அஜிதாவின் அப்பா விட்டுப்போன ஜீப்பில். அதற்கு அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணா, ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கோங்க. ஆக்சிடென்ட் வண்டி எஞ்சின் வேண்டாம். ஆள் செத்த வண்டின்னா அந்தச் சத்தத்துல ஆள் இருப்பான். என் பிள்ளைய அதுல ஏத்தமாட்டேன்."

"ஆள் இருந்தா நல்லதுதானே. டிரைவர் வைக்க வேண்டாம்" என்றான் வினீத்.

"தமாஷ் மதி, போதும். சத்தியம் பண்ணுங்க."

வினீத் சத்தியம் பண்ணினான். சுடலைக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டி வைத்தான்.

அப்போது அவன் தம்பி பிச்சையா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சாலைக் கடைவீதியிலிருந்து வித்துராவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் மெட்டடார் வேனை ஓட்டியவன். ஓணத்துக்கு முந்தின வாரத்து மழையில், வித்துரா ரோட்டு வளைவு ஒன்றில் வேன் உருண்டது. கவிழ்ந்து கிடந்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம். ஓடிவந்தவர்கள் சாவியைத் திருகிப் பார்த்தும் நிற்கவில்லையாம். பின்னால் வந்த ஒரு ஜீப்காரர்தான் உள்ளே கையை விட்டு நிறுத்தினாராம்.

ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டினார்கள். பார்த்தான். தம்பிதான் என்றான். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டான். தொடவில்லை. அழவும் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போய்விட்டான்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?" என்று அவன் மனைவி நாச்சியார் கேட்டாள். அவன் ஒன்றையும் அடக்கி வைக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். கம்பிக்கட்டு ஏறி ஏறி மரத்துப்போன தோள் மாதிரி. கிழிந்தால்கூடச் சட்டையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

தை மாதம் ஒருநாள் பழைய இரும்பு ஏற்ற ஒரு யார்டுக்குப் போனான். அங்கே ஒரு மூலையில் நீல மூடி போட்ட எஞ்சின் ஒன்று கிடந்தது. வீட்டுக் கதவுக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தைப் பிச்சையா தன் வேன் எஞ்சினின் மேல்மூடியில் அடித்திருந்தான். என் வண்டிக்குப் பொட்டு வெச்சிருக்கேன் என்று சொல்லித் திரிந்தான். சுடலைக்கண்ணு தோளில் சுமையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த வாரம் உருக்கப் போகிறது என்றான் யார்டுக்காரன்.

சத்தத்துல ஆள் இருப்பான் என்று அஜிதா சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. அதை அவன் நம்பினான் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வினீத்திடம் போய், "நல்ல எஞ்சின் ஒண்ணு கெடக்கு. முதலாளி வேற வண்டி மாத்திட்டாரு" என்றான். நாலு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய். கொண்டு வருவதற்கு முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாளால் அந்த நீலத்தைத் தேய்த்து எடுத்தான். விரல் நகத்தில் மட்டும் ஒரு வாரம் நீலம் இருந்தது.

ஐந்து ஞாயிறு வேலை. டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினார்கள். பழைய கியர்பாக்ஸும் புது எஞ்சினும் ஒன்றோடொன்று சேர, லேத்தில் ஒரு தகடு கடைந்து வாங்கினார்கள். பலாமரக் கிளையில் கட்டிய சங்கிலிக் கப்பியில் எஞ்சினைத் தொங்கவிட்டு, வினீத் மேலே சங்கிலி இழுக்க, சுடலைக்கண்ணு கீழே படுத்து அதைத் தன் இடத்தில் இறக்கினான். எல்லாம் பொருந்தியது.

பொருந்தாதது ரசீதுதான். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரை மாற்ற யார்டு ரசீது வேண்டும். ரசீதில் பழைய வேனின் நம்பர் இருக்கும். அந்த நம்பர் வினீத்துக்கு மனப்பாடம். வேன் கவிழ்ந்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுதிக் கொடுத்தவனே அவன்தான். அதனால் சுடலைக்கண்ணு வாராவாரம் ரசீதை வீட்டில் மறந்து வந்தான். எஞ்சின் ஓடுவதற்கு முன்னால் தெரிந்துவிட்டால் ஓடாமலே உருக்கப் போய்விடும்.

பங்குனி முதல் ஞாயிறு. ஸ்டார்ட் பண்ணும் நாள்.

"அண்ணாச்சி, ரசீது?"

"ஓடட்டும் தம்பி. தாரேன்."

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன், கேட்டோ. இன்னைக்கும் வீட்ல மறந்துட்டேன்னு சொன்னா, நான் உங்க வீட்டுக்கே குடிவந்துருவேன்."

"பையில இருக்கு" என்றான் சுடலைக்கண்ணு. உண்மைதான். சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தான்.

டீசல் குழாயின் நட்டை இளக்கிப் பிடித்தான். வினீத் சாவியைத் திருக, நுரைநுரையாகக் காற்று வந்தது. பிறகு நுரையில்லாத டீசல் வந்தது. நட்டை முறுக்கினான். ஹீட்டர் சூடாக இருபது எண்ணினார்கள். மறுபடி திருகியதும் எஞ்சின் ஒருமுறை குலுங்கியது. கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துக்கொண்டது. பலாமரத்திலிருந்த காக்கைகள் எழும்பிப் போயின.

சுடலைக்கண்ணு குனிந்து நின்று கேட்டான். அதே சத்தம். மூன்றாவது தட்டு மட்டும் கொஞ்சம் பிந்துகிற அந்தப் பழைய குறைகூட அப்படியே இருந்தது. எத்தனை நாள் அந்த வேனில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறான். இன்னும் கொஞ்சம் குனிந்தான். எஞ்சின் ஓடியது. அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை.

வினீத் சாவியை மறுபக்கம் திருப்பினான். எஞ்சின் நிற்கவில்லை. சாவியை உருவியே எடுத்து மேலே தூக்கிக் காட்டினான். அது பாட்டுக்கு ஓடியது. சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்த அஜிதா அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சாவி எடுத்தாச்சு அல்லே? பின்ன எப்படி ஓடுது?"

"பெட்ரோல் புத்தி நமக்கு" என்று வினீத் சிரித்தான். "டீசலுக்குச் சாவியெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பம்ப்புக்கு ஒரு கேபிள் போகும், அத இழுத்தாத்தான் நிக்கும். அண்ணாச்சி, ஸ்டாப் கேபிள் எங்க?"

"மறந்துட்டேன்."

"நல்லாருக்கே. வாங்க, சோறு உண்ணலாம். டீசல் தீர்ந்ததும் அதுவா நிக்கும்."

சுடலைக்கண்ணு உள்ளே கையை விட்டான். பம்ப்பின் பக்கவாட்டில் விரல் நீளத்தில் ஒரு லிவர். ஒரு விரலால் தள்ளினால் போதும். விரலை வைத்தான். எஞ்சினின் அதிர்வு முழங்கைவரை ஏறியது.

"கிடைக்கலையா?"

"கிடைச்சிட்டு."

வித்துரா ரோட்டில் ஒருவர் இதைத்தான் செய்திருக்கிறார். அவர் விரல் எவ்வளவு நேரம் இப்படி நின்றிருக்கும்? நின்றிருக்காது. அவருக்கு அது ஒரு எஞ்சின். சுடலைக்கண்ணு தள்ளினான். எஞ்சின் இரண்டு தரம் உதறி நின்றது.

கையை வெளியே எடுத்துத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து வினீத்திடம் நீட்டினான்.

வினீத் பிரித்துப் படித்தான். மறுபடி மேலிருந்து படித்தான். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது.

"யாரோட வண்டியாம்?" என்றாள் அஜிதா.

"என் தம்பி வண்டிம்மா" என்றான் சுடலைக்கண்ணு.

"பிச்சையா அண்ணனோடதா?" வித்துராவிலிருந்து திரும்பும்போது மிஞ்சின கூர்க்கன் கிழங்கை இந்த வாசலில் எத்தனையோ தரம் கொட்டிவிட்டுப் போனவன். "தெரிஞ்சே வெச்சீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அவள் எலுமிச்சம்பழத்தைக் கைமாற்றிப் பிடித்தாள். "எனக்கு அவங்க மேல ஒண்ணும் இல்லண்ணா. ஆனா பிள்ளைய ஏத்தமாட்டேன்."

"ஏத்த வேண்டாம். கழட்டிருதேன்."

"இன்னைக்கேவா?" என்றான் வினீத்.

"இன்னைக்கே."

ஸ்பேனரை எடுத்துக் குனிந்தவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். புறங்கை சிவந்துவிட்டது. "சூடு ஆறணும்" என்றான்.

மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அஜிதா இரண்டு தம்ளரில் பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்."

"சொன்னா வெச்சிருப்பியா?"

வினீத் யோசித்தான். "மாட்டேன்."

"பின்ன?"

எஞ்சின் ஆறுகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. வினீத் தம்ளரைக் கீழே வைத்தான்.

"ஓடினப்ப... ஆள் இருந்தானா?"

"இல்ல."

கொஞ்ச நேரம் கழித்துச் சுடலைக்கண்ணு எழுந்துபோய் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். எடுத்தான். மறுபடி போய் வைத்தான். இப்போது பொறுக்கிற சூடுதான். காய்ச்சல்காரன் முதுகில் இருக்கிற சூடு. கையை எடுக்கத் தோன்றவில்லை. ஒரு நட்டுக்கு அடியில் தேய்க்க விட்டுப்போன நீலம் அரிசி அளவுக்கு ஒட்டியிருந்தது. வினீத் வந்து பக்கத்தில் நின்றான். மரநிழல் ஜீப்பைக் கடந்து சுவர்ப்பக்கம் போயிற்று.

அஜிதா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆறிடுச்சாண்ணா?"

அவன் உள்ளங்கைக்கு அடியில் ஆறிப்போன வெறும் இரும்பு.

"இல்லம்மா. சூடு இருக்கு."

வினீத் கையை நீட்டி மூடியின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தான். சுடலைக்கண்ணுவின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

"ஆமா" என்றான் உள்பக்கம் திரும்பி. "இன்னும் கொறச்சு நேரம் ஆகும்."