நடந்துதான் வருவோம்

நாற்சந்தியில் பஸ் முழுதாக நிற்பதற்குள் அவள் இறங்கிவிடுவாள். ஒரு கால் தரையில் படும்போதே மறு கால் ஓட்டத்தைத் தொடங்கியிருக்கும். தோளில் பச்சைப் பை. அதில் எவ்வளவு துவைத்தும் வாடை போகாத ஏப்ரனும் சாப்பாட்டு டப்பாவும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ரப்பர் பூட்ஸ் ஒவ்வோர் அடிக்கும் மார்பில் மோதும். பஸ் வருவது ஐந்து நாற்பத்திரண்டுக்கு. கோழிக் கம்பெனியின் கேட் மூடுவது ஆறுக்கு. இடையே இரண்டு கிலோமீட்டர், குண்டும் குழியுமான மண் ரோடு, விளக்கு இல்லை. வேலை ஆறு மணிக்குத் தொடங்குவதாகக் கம்பெனி சொல்லும். அந்த முப்பத்தெட்டுப் பெண்களைக் கேட்டால் நாற்சந்தியிலேயே தொடங்கிவிடுகிறது என்பார்கள்.

வெட்டு மேசையில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஓட்டத்தில் காலுக்கும் கிடையாது. அதனால் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். நடுவில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது என்று பின்னால் மூச்சிரைக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள்.

மூன்று மாதம் முன்புவரை நாற்சந்திக்குக் கம்பெனி வேன் வந்துகொண்டிருந்தது. டீசல் கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்தினார்கள். அதே வாரத்தில் ஏப்ரன் துவைக்கும் ஆளையும் நிறுத்தினார்கள். அவரவர் ஏப்ரனை அவரவர் வீட்டில் துவைத்துக் கொண்டுவர வேண்டும். ஆறு மணிச் சங்கு ஊதிய பிறகு வருகிறவர்கள் பத்து மணிவரை வெளியே குந்தியிருந்துவிட்டு அரை ஷிப்டுக்குத்தான் உள்ளே போகலாம்.

ஓட்டத்தைக்கூடப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது நாய்கள். கம்பெனிச் சுவரின் பின்பக்கம் கழிவுக் குழாய் திறந்தே கிடந்தது. ரத்தமும் இறகும் குடலும் ஒரு பள்ளத்தில் தேங்கி நின்றன. அதைத் தின்று கொழுத்த ஏழெட்டு நாய்கள் பாதி வழியில் சிறு பாலத்தடியில் குடியிருந்தன. இருட்டில் முப்பத்தெட்டுப் பேர் தலைதெறிக்க ஓடினால் எந்த நாய்தான் சும்மா இருக்கும்?

எக்ஸ்பிரஸுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. வெட்டு மேசையில் ஒதுக்கித் தள்ளும் தோலில் ஒரு பிடியை ஒரு சின்னக் கவரில் முடிந்து, ஷிப்டு முடிந்து வரும்போது பூட்ஸுக்குள் திணித்துக் கொண்டுவந்துவிடுவாள். கேட்டில் பையைச் சோதிப்பார்கள்; நாறுகிற பூட்ஸுக்குள் யாரும் கையை விடமாட்டார்கள். காலையில் அந்தக் கவர் பையின் பக்கவாட்டு அறைக்கு மாறும். பாலம் நெருங்கும்போது தோலை இடப்பக்கம் வீசிவிட்டு வலப்பக்கம் ஓடிவிடுவாள். நாய்கள் தோலின் மீது விழுந்து ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். நாற்பது நாளாக இப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை. தோல் எடுத்தால் திருட்டு. தெரிந்தால் வேலை போய்விடும்.

அவளுடைய வார விடுமுறையன்று அது நடந்தது. அவள் வீட்டுக்காரரின் தங்கையும் அதே கம்பெனியில்தான் இருந்தாள்; எக்ஸ்பிரஸ்தான் சொல்லிச் சேர்த்துவிட்டிருந்தாள். அன்று நாத்தனாரின் பைக்குக் காது அறுந்துவிட்டது. ஆணியில் தொங்கிய அண்ணியின் பச்சைப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நாய்களுக்குப் பையைத் தெரியும். ஆளைத் தெரிய வேண்டிய அவசியம் அவற்றுக்கு இல்லை. பாலத்தடியிலிருந்து எழுந்து வரிசையாக அவளிடம் வந்தன. அவள் பயந்து ஓடினாள். கெண்டைக் காலைக் கவ்விய நாயை இரண்டு பேர் பூட்ஸால் அடித்த பிறகுதான் அது விட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கால் மணி நேரம் குழாயடியில் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவவைத்தாள். ஊசி போட்டாள். ஓர் அட்டையில் மற்ற தேதிகளை எழுதினாள்: மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒன்றைக்கூட விடக்கூடாது, விட்டால் போட்டதெல்லாம் வீண், அந்த நோய் வந்த பிறகு மருந்தே இல்லை என்றாள். பிறகு, இனிமேல் நாய் வந்தால் ஓடாதே என்றாள். ஓடுகிறதைத்தான் அது துரத்தும். நில். கண்ணைப் பார்க்காதே. பையை முன்னால் பிடித்துக்கொள். முதுகைக் காட்டாமல் மெதுவாக நகர்.

“நின்னா கேட்டை மூடிருவாங்க, சிஸ்டர்” என்றாள் நாத்தனார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அதற்குத் தன்னிடம் ஊசி இல்லை என்றாள்.

நான்கு நாள் கழித்துக் கம்பெனி வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நாயைக் கண்டால் ஓடக்கூடாது. உணவுப் பொருள் எடுத்து வரக்கூடாது. நிதானமாக நடக்க வேண்டும். அதற்கு ஒரு சாண் மேலே பழைய நோட்டீஸ்: ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட அனுமதி இல்லை. இரண்டிலும் ஒரே கையெழுத்து. “எழுதினவருக்கு மேல ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலை போல” என்றாள் பேக்கிங் பிரிவின் மூத்தவள். எல்லாருக்கும் அவள் பேக்கிங் அக்கா. சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே அடுத்த நாளும் ஓடினார்கள்.

ஊசி போடும் நேரம் ஒன்பதிலிருந்து பதினொன்று. போனால் அன்றைய ஷிப்டு போயிற்று. மாதத்தில் நாலாவது நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். கடிபட்ட நாள் ஒன்று, மூன்றாம் நாள் இரண்டு, ஏழாம் நாள் மூன்று. பதினாலாம் நாள் ஊசிக்குப் போனால் வேலை இல்லை. நாயிடம் லீவு லெட்டர் வாங்கி வந்தாயா என்று சூப்பர்வைசர் கேட்டானாம்.

பதினோராம் நாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே நாத்தனார் சாதாரணமாகச் சொன்னாள்: “மூணு ஊசி போட்டாச்சு. போதும் அண்ணி. காயம்கூட ஆறிப்போச்சு.”

ஆணியில் பச்சைப் பை தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்க எக்ஸ்பிரஸுக்கு அந்தச் சிறிய அறையில் திரும்பிக்கொள்ள வேறு சுவர் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பேக்கிங் அக்கா ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள். எக்ஸ்பிரஸும் போனாள். ஏசிக் குளிரில் ஈரப் பூட்ஸோடு மேசைக்கு எட்டத்தில் நின்றார்கள். தரையில் தண்ணீர் சொட்டுவதை முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். வேனை மறுபடி விட வேண்டும். கழிவுப் பள்ளத்தை மூட வேண்டும். ஊசிக்குப் போகிற நாளை லீவாகக் கணக்கெடுக்கக் கூடாது.

“காம்பவுண்டுக்குள்ள கடிச்சிருந்தா என் பொறுப்பு” என்றார் முதலாளி. “ரோடு என்னோடதா?”

“ரோடு உங்களோடது இல்லீங்க. பள்ளத்தில இருக்கிற குடல் உங்களோடது” என்றாள் அக்கா.

முதலாளி கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “உங்க ஆளுங்கள்ல யாரோ தினமும் தோலை வீசி அதுங்களைப் பழக்கி வச்சிருக்காங்க. வாட்ச்மேன் பாலத்தடியில கவரைப் பார்த்திருக்கான். என் மேசையில இருந்து திருடி, என் வாசல்ல நாய் வளர்த்து, என்கிட்டயே நியாயம் கேக்கிறீங்க. யாருன்னு சொல்லுங்க. அவளை அனுப்பிட்டு அந்தப் பொண்ணு ஊசியைப் பத்திப் பேசுவோம்.”

வெளியே வந்ததும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சாப்பாட்டு மணிக்குள் செய்தி வெட்டு மேசையிலிருந்து தராசுவரை போய்விட்டது. போன வருடம் சேர்ந்தவர்கள்தான் என்று பழையவர்கள் சொன்னார்கள். எப்போதும் நாய் தொடாமல் போகிறது யார் என்று பாருங்கள் என்று புதியவர்கள் சொன்னார்கள். எக்ஸ்பிரஸ் கத்தியைத் தீட்டினாள். தீட்டிய கத்தியை மறுபடி தீட்டினாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளை மறுநாள் நாத்தனார் ஊசியை விடுவாள். போய் நின்று, நான்தான், அவளை விட்டுவிடுங்கள் என்று முதலாளியிடமே சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். அந்த ஆளின் சொல்லை நம்பி எதைக் கொடுப்பது?

ஷிப்டு முடிந்து கை கழுவும் குழாயடியில் எல்லாரும் இருந்தபோது சொன்னாள்.

“நான்தான் தோல் போட்டேன். நாற்பது நாளா. என் பைன்னு நெனச்சுத்தான் அதுங்க இவகிட்ட வந்திருக்கு.”

குழாயை யாரோ மூடினார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி” என்றாள் நாத்தனார். “பையை எடுத்திருக்க மாட்டேன். இல்லேன்னா எனக்கும் ஒரு கவர் குடுத்திருக்கலாம்.”

அடித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எக்ஸ்பிரஸுக்கு.

அப்போது தராசில் நிற்கிறவள் குனிந்து தன் வலது பூட்ஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தாள். ஒரு கவர் விழுந்தது. தோல். கொக்கியில் கோழி மாட்டுகிறவள் அதைப் பார்த்துவிட்டு, தன்னுடையது ஈரல் என்றாள். இன்னொருத்தி பதினைந்து நாளாகப் பிஸ்கட் போடுகிறாளாம், வீட்டில் பிள்ளைக்கு வாங்கியதில். எண்ணிப் பார்த்ததில் பதினோரு பேர். யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாது.

பேக்கிங் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டாள். “ஆளாளுக்குத் தனித்தனியா நாய்க்கு மாமூல் கட்டியிருக்கோம். பின்னால வர்றவ கதி என்னன்னு ஒருத்தியும் திரும்பிப் பார்க்கலை.”

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஊசி அட்டையை எடுத்து ஈரம் படாமல் விரித்தாள். “நர்ஸ் சொன்னது ஒண்ணுதான். ஓடாதேன்னு சொன்னாங்க. கம்பெனியும் அதைத்தான் எழுதி ஒட்டியிருக்கு.”

“ஓடலைன்னா கேட் மூடிரும்” என்றாள் எக்ஸ்பிரஸ்.

“ஒருத்தி ஓடலைன்னா மூடும். எல்லாரும் ஓடலைன்னா?”

அன்று மாலை கேட்டைத் தாண்டும்போது ஒரு பூட்ஸிலும் கவர் இல்லை.

மறுநாள் காலை பஸ் நின்றது. எக்ஸ்பிரஸ் பழக்கத்தில் குதித்துவிட்டாள். குதித்த இடத்தில் நின்றாள். முப்பத்தெட்டாவது ஆள் இறங்கும்வரை காத்திருந்தார்கள். பைகளை முன்னால் பிடித்துக்கொண்டு, நாலு நாலு பேராக, நாத்தனாரை முதல் வரிசையில் விட்டுப் புறப்பட்டார்கள். அவள் நொண்டுகிற வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

பாலம் வந்தது. நாய்கள் எழுந்தன. ஒன்று உறுமியது. நாத்தனாரின் விரல்கள் எக்ஸ்பிரஸின் மணிக்கட்டை இறுக்கின.

“கண்ணைப் பார்க்காதே” என்றாள் எக்ஸ்பிரஸ். அவள் கால் இரண்டும் ஓடச் சொல்லித் துடித்தன.

முப்பத்தெட்டு ஜோடிச் செருப்புகள் ஒரே சீராக மண்ணில் தேய்ந்தன. நாய்கள் பக்கவாட்டில் சிறிது தூரம் வந்தன. ஓட யாரும் இல்லை. விழ எதுவும் இல்லை. பெரிய நாய் முதலில் உட்கார்ந்தது. மற்றவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின.

பாலத்தைத் தாண்டி முந்நூறு அடி போயிருப்பார்கள். கம்பெனிப் பக்கமிருந்து சூப்பர்வைசரின் மோட்டார் சைக்கிள் வந்து குறுக்கே நின்றது. அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“மணி என்ன தெரியுமா? ஆறு ஆகப்போகுது. இன்னைக்கு ஒரு நாள் ஆறு அஞ்சு வரைக்கும் கேட்டைத் திறந்து வைக்க முதலாளி சொல்லியிருக்கார். முதல்ல வர்ற பத்துப் பேருக்கு முழு ஷிப்டு. மத்தவங்க வெளியதான். ஓடுங்க.”

அவன் யாரைப் பார்த்துச் சொன்னான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தூரத்தில் திறந்திருந்த கேட்டின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. ஐந்து நிமிடம் எக்ஸ்பிரஸுக்குத் தாராளம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். பத்துப் பேரில் முதல் ஆள் அவள்தான். யாரும் போட்டிக்குக்கூட வர மாட்டார்கள்.

எக்ஸ்பிரஸ் நாத்தனாரின் கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நோட்டீஸ்ல நிதானமா நடக்கச் சொல்லியிருக்கீங்க சார்” என்றாள். “நடந்துதான் வருவோம்.”

மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நடந்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: “என்ன, எக்ஸ்பிரஸ் இன்னைக்குப் பாசஞ்சர் ஆயிருச்சா?”

“எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும், ஏறிக்கோ” என்றாள் நாத்தனார். பதிமூன்று நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சங்கு ஊதியது. சிறிது நேரத்தில் கேட் இழுபடும் சத்தம் கேட்டது. மஞ்சள் வெளிச்சம் ஒரு கோடாகி மறைந்தது. யாரும் வேகத்தைக் கூட்டவில்லை. கேட்டை அடைந்தபோது விடிந்துவிட்டது. அடைந்தவர்கள் குந்தவில்லை, இரண்டு நோட்டீஸுக்கும் முன்னால் நின்றார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம், கோழிகளைத் தொங்கவிட்டு இழுக்கும் சங்கிலி ஓடத் தொடங்கியது. அந்தக் கிரீச்சென்ற ஒலியை அவர்கள் தூக்கத்திலும் கேட்டிருக்கிறார்கள். வெளியே நின்று கேட்பது இதுதான் முதல் தடவை. வெட்டக் கையில்லாமல், நிறுக்க ஆளில்லாமல் அது ஒரு சுற்று ஓடியது. இரண்டு சுற்று. உள்ளே யாரோ யாரையோ திட்டினார்கள்.

வேன் வரவில்லை. பள்ளம் திறந்தே கிடந்தது. நாளைக்குப் பதினாலாம் நாள். எக்ஸ்பிரஸ் நாத்தனாரிடம் அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தாள்.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு நானும் கூட வர்றேன்” என்றாள்.

“நானும்” என்றாள் தராசுக்காரி. பின்னாலிருந்து இன்னும் இரண்டு குரல்கள் வந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலி ஒரு தரம் குலுங்கி நின்றது. அந்த அமைதியில் வாட்ச்மேன் சாவிக் கொத்தை எடுப்பது கேட்டது. திறப்பதற்கா, சும்மா எடுத்தானா என்று தெரியவில்லை. முப்பத்தெட்டுப் பேரும் அசையாமல் நின்றார்கள்.