அகிலாண்டத்தின் ஆறு மா

விவசாயிகள் கூட்டத்துக்குக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனது என் தவறு.

எங்கள் பேரூராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் பொறியாளர். தினமும் சுத்தமாக்கிய ஆறு லட்சம் லிட்டரை வடிகாலில் விட்டுக்கொண்டிருந்தோம். அதை ஆற்றுத் தண்ணீர் எட்டாத கடைமடை வயல்களுக்குத் திருப்ப வேண்டும். ஒரு விவசாயியாவது ஒரு போகம் பாய்ச்சிக் காட்டினால் தீர்மானம் போடுவதாகப் பேரூராட்சி மன்றம் சொல்லியிருந்தது.

பாட்டிலை மேசையில் வைத்ததும் பாதிப் பேர் சாக்கடைத் தண்ணீர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாசன சங்கத் தலைவர் அமிர்தலிங்கம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஆத்துத் தண்ணி கலங்கலா வரும்மா, வண்டலோட. இது பளிங்கு மாதிரி இருக்கு. இதைக் குடிச்சா பயிர் விரதம்தான் இருக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அழுக்கு என்றவர்களும் சத்தில்லை என்றவர்களும் சேர்ந்தே சிரித்தார்கள்.  நான் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தேன். கூடம் காலியான பிறகு அகிலாண்டம் மட்டும் உட்கார்ந்திருந்தார். வாய்க்காலின் கடைசியில், எங்கள் நிலையத்தை ஒட்டி, அவருக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர். போன சம்பாவுக்கு, முறை வைத்து விடும் ஆற்றுத் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை. இந்த வருடமும் தரிசாகக் கிடந்தால் விற்றுவிட வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து மகன் பிரபு கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். இரவல் தண்ணீரில் விட்ட நாற்றுக்கு முப்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் நான்கு நாள் போனால் முற்றிவிடும்.

எப்போது திறக்க முடியும் என்று கேட்டார். நாளைக்கு என்றேன்.

குழாயைத் திறந்தாயிற்று, சேறும் அடித்தாயிற்று. மூன்றாம் நாள் காலை நடவுக்கு ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குத் தலைமை என் அம்மா பொன்னுத்தாய். வடகிழக்கு மூலையில் முதல் நாற்று முடியைப் பிரித்து நடுவது எந்த வயலிலும் அம்மாவின் கைதான். அதன் பிறகே மற்றவர்கள் இறங்குவார்கள்.

அம்மா வரப்பிலேயே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.  அந்தத் தண்ணீருக்காக அம்மாவை இறங்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கொக்குகள் மட்டும் சேற்றில் நடந்துகொண்டிருந்தன.

அம்மா அகிலாண்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க தெரு வீடுகள்லேருந்து வர்ற தண்ணி. எங்க தெருவுக்கு இன்னும் அந்தக் குழாயே போடல. மொத முடிய நீங்க நடுங்கம்மா. பின்னாடி நாங்க வர்றோம்."

 அகிலாண்டத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. வரப்பில் நின்று வேலை வாங்கியிருக்கிறாரே தவிர, சேற்றில் கால் வைத்ததில்லை. அவர் புடவையைத் தூக்கிச் செருகினார், இறங்கினார். இரண்டாவது அடியில் முழங்கால்வரை புதைந்து தடுமாறினார். நாற்றைத் தலைகீழாகக்கூடப் பிடித்திருப்பார்.

"கட்டை விரலால அழுத்துங்க. கோலம் போடற மாதிரி வைக்காதீங்க" என்றாள் அம்மா. யாரோ களுக்கென்று சிரிக்க, அகிலாண்டமும் சிரித்தார். அம்மா இறங்கிவிட்டாள். பின்னால் பதினோரு பேர். பொழுது சாய்வதற்குள் ஆறு மாவும் முடிந்தது.

கார்த்திகையில் அந்த வயல் கரும்பச்சையாக நின்றது. யூரியா பாதிதான் போட்டிருந்தோம். மீதிச் சத்தைத் தண்ணீரே கொண்டுவந்திருந்தது. மார்கழியில் ஆற்று முறை தவறியது. அமிர்தலிங்கம் நிலையத்துக்கு வந்து, தன் பக்கம் மேடு, மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அறுப்புக்குக் காத்திராமல் கூடிய மன்றக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. சாக்கடை என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்பதுதான் சண்டை. சுத்திகரித்த நீர் பாசனத்துக்கே, கடைமடையிலிருந்து மேல்நோக்கி முறை என்று தீர்மானம் நிறைவேறியது. பாக்கித் தெருக்களுக்கும் இந்த வருடமே கழிவுநீர்க் குழாய் என்று இரண்டாவது தீர்மானம். அதை எழுதிக் கொடுத்தது நான், முன்மொழிய வைத்தது அகிலாண்டம்.

தை கடைசியில் அறுப்பு. ஐம்பத்தாறு மூட்டை. அகிலாண்டம் களத்துமேட்டில் எங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பிரபு கூப்பிட்டான், பொன்னுத்தாயி. நிலத்தைக் கேக்க ஆள் இருக்காம். வேற எடம் பாக்கச் சொல்லுன்னுட்டேன். வர்ற குறுவைக்கு நடவு ஆள் சொல்லியாச்சுன்னேன்."

"எங்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

"இப்பத்தான்."