மெஷின் படிக்காத முகவரி

கோதண்டபாணியைக் கிடத்தியிருந்த ஐஸ்பெட்டியின் கண்ணாடியில் படிந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த புருஷனின் போன் மறுபடியும் அதிர்ந்தது. அன்புக்கரசி எடுக்கவில்லை. ரோஸிதான். அப்பா போய்ட்டார் என்று மகள் நிஷா காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டாள். இன்னும் எதற்கு அடிக்கிறாள்?

கோதண்டபாணி கூரியரில் பத்து வருஷம் வீடு வீடாகப் போய்வந்து, பிறகு கிடங்கில் தெருவாரியாகப் பார்சல் பிரித்தவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முகவரி படித்துப் பிரிக்கும் மெஷின் வந்தது. சம்பளச் செலவு மிச்சம் என்று முப்பது பேரை நிறுத்தினார்கள், அவனையும் சேர்த்து. அதற்கப்புறம்தான் இந்த ரோஸி. அவளிடமிருந்து படம் வந்ததும் போனோடு மாடிப்படிக்குப் போய்விடுவான். சிரிப்பு மட்டும் கீழே கேட்கும். அவன் தூங்கும்போது எடுத்துப் பார்த்தால் எல்லாம் அழித்திருக்கும்.

"யாருய்யா அவ?"

"மெஷினு படிக்காத அட்ரசுங்களப் பாக்குற பொண்ணு. பார்சலு தேங்கிப்போச்சுன்னா அந்தப் பொண்ணையும் வேலையவுட்டுத் தூக்கிடுவாங்க."

"உன்னைத் தூக்குனப்போ எவ வந்தா?"

அவன் சார்ஜரைத் தேடப் போய்விடுவான்.

இப்போது வாசலில் ஒரு பெண் மாலையோடு நின்றாள்.

"கோதண்டபாணி அண்ணன் வூடு இதானா? நான் ரோஸி. மந்தைவெளிய மூணு சுத்து சுத்திட்டேன், போனும் எடுக்கல." பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். "இவருதானாக்கா?"

"இன்னாடி கேக்குற? டெய்லி பேசுனவதான நீ?"

"அவரு வேலைய வுட்டுப் போனப்புறம்தான்க்கா நான் சேந்தேன். படிக்க வரலன்னா படம் புடிச்சு இவருக்கு அனுப்பு, காசு கேக்க மாட்டாருன்னு சூப்பர்வைசர் நம்பர் குடுத்தாரு. மூஞ்சியே இப்பதான் பாக்குறேன்."

"அப்ப எதுக்கு அழிச்சாரு?"

"கஸ்டமர் அட்ரசு வெளிய போச்சுன்னா என் வேலை பூடும்னு. அவரு பேசி அனுப்புனத நாந்தான் அழிக்கல."

ரோஸி தன் போனை அழுத்தினாள். கோதண்டபாணி பேசினான்.

"அது கச்சேரி ரோட்டுக்குப் பின்னால, மிக்ஸி ரிப்பேர் கடை மாடிம்மா. டெலிவரி ஆளாண்ட சொல்லு, கீழேர்ந்து கத்த வேணாம், பெருசுக்குக் காது கேக்காது. கவுறு தொங்கிக்கினு இருக்கும், இழுத்தா கூடை வரும். ஒருவாட்டி கூடைக்குள்ள பூனை இருந்துச்சும்மா..."

சிரித்தான். அன்புக்கரசி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கேட்டாள். வீட்டில் அவன் பேச்சு, சோறு போடு, ரீசார்ஜ் பண்ணு. இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் ஒரு பூனையைப் பற்றிக்கூட அவன் சொன்னதில்லை.

"எத்தினி கீது?"

"நானூறுக்கு மேலக்கா."

"எனக்கு அனுப்பு."

"அக்கா, அதுல அட்ரசுங்க..."

"அனுப்புடி. நான் எவனாண்ட சொல்லப்போறேன்."

தன் நம்பரைச் சொன்னாள். அடுப்படியில், அரிசி டின்மேல் கிடந்த அவளுடைய போன் மெசேஜ் வந்து ஒலிக்கத் தொடங்கியது. அணைப்பதற்காக நிஷா எழுந்தாள்.

"வுடு," என்றாள் அன்புக்கரசி.

ஒன்று முடிய ஒன்று, அது ஒலித்துக்கொண்டேயிருந்தது.