பெருமூச்சு விடும் ஃபிரிட்ஜ்

செம்பியனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் மின்கம்பியின் மேல் வெறுப்பு வந்தது. கம்பி அவருக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. கொள்கை அப்படி. கடலூர் பாதிரிக்குப்பத்தில் சொந்த வீடு, மனைவி ஜான்சிக்கு டீச்சர் வேலை, மாடியில் வாடகைக்கு ஆள் என்று மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகு, மனிதன் எதையும் சார்ந்து நிற்கக் கூடாது என்று யூடியூபில் பேச ஆரம்பித்தார். பழைய பள்ளிக்கூட வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, கட்டிலும் சிங்க்கும் கரண்ட் அடுப்பும் வைத்துக் கேரவன் ஆக்கினார். பின் கண்ணாடியில் 'கம்பியை வென்றவன்' என்று எழுத்து.

"கம்பி எண்ணாம இருந்தா சரி" என்றார் பக்கத்து வீட்டுக் கண்ணாயிரம். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்பியன் தன் வீடியோவில் 'கம்பி அடிமைகள்' என்று சொல்லும்போதெல்லாம் கேமரா தற்செயலாக அவர் வீட்டுப் பக்கம் திரும்பும்.

குமராட்சிக்கு அப்பால் கொள்ளிடக் கரையில் இரண்டு நாள் முகாம், கரண்டே இல்லாத இடத்திலிருந்து நேரலை என்று அறிவித்தாகிவிட்டது. அப்புறம்தான் சிக்கல் தெரிந்தது. கேரவனுக்குள் இருந்த ஒற்றை பேட்டரி, அடுப்பில் நாலு தோசை வார்ப்பதற்குள் படுத்துவிட்டது. சிதம்பரத்தில் வண்டி எலக்ட்ரீஷியன் சார்லஸிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வண்டியக் கிளப்புற பேட்டரி வேற சார். உள்ள லைட்டு, ஃபேனு, அடுப்புக்கு வேற. இத ஹவுஸ் பேட்டரின்னு சொல்லுவாங்க. இன்னும் ரெண்டு போடணும். ஆர்டர் குடுத்தா வர ஒரு வாரம் ஆவும்."

"வெள்ளிக்கிழமை முகாம்பா."

"அப்ப வெள்ளிக்கிழமை மெழுவத்தி ஏத்திக்குங்க."

ஹவுஸ் பேட்டரி. அந்தச் சொல் செம்பியனின் மண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. ஹவுஸ் இருக்கிறது. ஹவுஸில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு அடியில் இரண்டு பேட்டரிகள் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. சும்மாவா உட்கார்ந்திருக்கின்றன என்றால், இல்லை. மாமனார் லூர்துசாமிக்காக உட்கார்ந்திருக்கின்றன. முப்பது வருடம் சேத்தியாத்தோப்பு தடத்தில் கண்டக்டராக விசில் ஊதியவர் அவர். இப்போது நுரையீரல் கெட்டு, காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மிஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உள்ளறையில் கிடக்கிறார். கரண்ட் நின்றாலும் மிஷின் நிற்கக் கூடாது என்றுதான் ஜான்சி அந்த இரண்டையும் வாங்கி வைத்திருந்தாள்.

இப்பவெல்லாம் எங்கே கரண்ட் போகிறது என்று செம்பியன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாராவாரம் கரண்டை நம்பாதீர்கள் என்று ஊருக்குச் சொன்னவர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கரண்டை முழுதாக நம்பினார்.

வியாழக்கிழமை ஜான்சி பள்ளிக்கூடம் போனதும் சார்லஸ் ஓர் ஆளோடு வந்து இறங்கினான். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பேட்டரியைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான். புஸ்... டொக். புஸ்... டொக்.

"உள்ள என்னமோ ஓடுது சார்."

"ஃபிரிட்ஜு."

"உங்க வூட்டு ஃபிரிட்ஜு பெருமூச்சு வுடுது சார்."

"பழசுப்பா."

சார்லஸ் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தான். அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டையும் கேரவனில் ஏற்றி, இருந்த பேட்டரியோடு கட்டி முடித்தபின் சொன்னான்: "பழசையும் புதுசையும் ஒண்ணா கட்டியிருக்கு சார். மீட்டர் ஜாஸ்தி காட்டும், பேட்டரி கம்மியாத்தான் குடுக்கும். மீட்டர நம்பாதீங்க, அடுப்பப் போடாதீங்க. எஞ்சின் ஓடுனா அதுலேர்ந்து சார்ஜ் ஏறும், அதுக்கு ஒயர் வுட்டிருக்கேன்."

சாயங்காலம் ஜான்சி இன்வெர்ட்டருக்கு அடியில் வெறும் தரையைப் பார்த்தாள்.

"சர்வீசுக்குப் போயிருக்கு. திங்கக்கிழமை வந்துடும்" என்றார் செம்பியன்.

"ரெண்டையுமா தூக்கிக் குடுப்பீங்க? ஒண்ண வுட்டு வெக்கலாம்ல?"

"ரெண்டும் ஜோடி. பிரிச்சா கெட்டுடும்."

இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு விவரம் தெரியும் என்று ஜான்சி நம்பினாள். சுமார் இருநூறு வீடியோக்களில் அவர் சம்பாதித்த ஒரே நிஜமான ரசிகை அவள்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கொள்ளிடக் கரையில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. செம்பியன் கரண்ட் அடுப்பில் பொங்கலைக் கிண்டியபடி மீட்டரைக் காட்டினார். நூறு சதவீதம். "இந்தச் சுதந்திரத்த எந்தக் கம்பியும் தராது" என்று தொடங்கினார். போன் அடித்தது. ஜான்சி. கட் செய்தார். மறுபடி அடித்தது, கட் செய்தார். மூன்றாவது தரம் அடித்தபோது நேரலையை நிறுத்திவிட்டு எடுத்தார்.

"ஏங்க, மாசாந்திர மெயின்டனென்ஸாம். ஒம்போதுலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் கரண்ட் கெடையாது. நேத்து பேப்பர்ல போட்டிருந்தானாம், நான் பாக்கல. அப்பாவுக்குச் சின்ன சிலிண்டர மாட்டியிருக்கேன். முள்ளு செவப்புக்கிட்ட வந்து நிக்குது. அந்த சர்வீஸ்காரன் நம்பர் குடுங்க, நானே ஆட்டோ வெச்சி எடுத்தாந்துடுறேன்."

செம்பியன் அடுப்பை அணைத்தார்.

"ஏங்க, நம்பர்."

"அது என்கிட்டதான் இருக்கு."

"நம்பர்தான?"

"பேட்டரி."

எதிர்முனையில் சிலிண்டரின் மெல்லிய சீறல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. ஜான்சி போனை வைத்துவிட்டிருந்தாள்.

பொங்கல் சட்டி சிங்க்கில் கவிழ, கேரவன் கிளம்பியது. சிதம்பரம் தாண்டும்வரை செம்பியன் மனசுக்குள் வாக்கியம் தயாரித்தார். 'எதிர்பாராத தொழில்நுட்பச் சூழல்' என்று ஒன்று வந்தது. அதை அவரே அடித்துப் போட்டார். புதுச்சத்திரம் வருவதற்குள் பதினோரு தரம் போன் போட்டார். எடுக்கவில்லை. ஆலப்பாக்கம் வரும்போது வாக்கியமெல்லாம் தீர்ந்துபோய், அந்த மிஷின் சத்தத்தை மட்டும் நினைவில் ஓட்டிப் பார்த்தார். புஸ் வந்தது. டொக் வரவில்லை. எத்தனை தரம் ஓட்டினாலும் அதே இடத்தில் நின்றது.

தெருவில் திரும்பியதும், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஏதும் போட்டிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தார். இல்லை. பந்தலும் இல்லை. கண்ணாயிரம் வீட்டிலிருந்து மதில் சுவர் ஏறி ஓர் ஆரஞ்சு ஒயர் தன் வீட்டு ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்ணாயிரமும் அவர் மனைவியும் வேர்த்து விறுவிறுத்து வாசலில் உட்கார்ந்து பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபேனு, ஃபிரிட்ஜி எல்லாத்தையும் அமத்திட்டு மிஷினுக்கு மட்டும் வுட்டேன்" என்றார் கண்ணாயிரம். "எங்க இன்வெர்ட்டர்ல ஒத்த பேட்டரி. இப்ப கத்த ஆரம்பிச்சிடுச்சி. உங்க வண்டில எவ்ளோ இருக்கு?"

"நூறு சதவீதம்."

கண்ணாயிரம் ஒயரைப் பிடுங்கிக் கேரவனில் செருகினார். மீட்டர் நூறிலிருந்து அறுபதுக்கு இறங்கியது. எச்சில் விழுங்குவதற்குள் பதினெட்டு.

"மீதிய பொங்கல் தின்னுடுச்சா?" உள்ளே காய்ந்து கிடந்த சட்டியைப் பார்த்துக் கேட்டார் கண்ணாயிரம். அதோடு அவருடைய மரியாதையும் முடிந்தது. "வண்டியத் திருப்பி நிறுத்து மச்சான், பொகை உள்ள போவக் கூடாது. எஞ்சினப் போடு. ஆக்சிலேட்டர்ல லேசா கால வை. எடுக்காத."

செம்பியன் கால் வைத்தார். மீட்டர் மெல்ல ஏறியது.

ஓட்டுநர் சீட்டிலிருந்து ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. லூர்துசாமியின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. ஜான்சி அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை. கிழவர்தான் திரும்பினார். பஸ் நிறைய ஆளை ஏற்றிய காலத்தின் குரல் இப்போது இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நின்று நின்று வந்தது.

"மாப்ள... கொள்ளிடத்துல... காத்து எப்பிடி?"

செம்பியனுக்கு யூடியூபில் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு. இதற்கு ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. இரண்டை நெருங்கியது. கம்பியை வென்றவன் டீசலை எரித்துக்கொண்டு, நகராத வண்டியை இரண்டரை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கெண்டைக்கால் இழுத்தது. கால் கொஞ்சம் தளர்ந்தால் எஞ்சின் இறங்கும். எஞ்சின் இறங்கினால் ஜன்னலுக்குள் ஜான்சியின் கை முதுகில் அப்படியே நின்றுவிடும். உடனே அழுத்துவார். டேஷ்போர்டில் போன் மினுங்கியது: 'அண்ணா லைவ் எங்கே', 'அண்ணா பொங்கல் ரெடியா'.

பிற்பாடு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். கண்ணாயிரம்.

"கரண்ட் வந்து பத்து நிமிசம் ஆவுது மச்சான். கால எடு."

செம்பியன் திரும்பிப் பார்த்தார். ஆரஞ்சு ஒயர் சுருட்டி வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. வண்டியிலிருந்து அதை உருவியவள் அவருக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் வந்து போயிருக்க வேண்டும். உள்ளே புஸ்... டொக் என்று மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலை எடுக்கப் பார்த்தார். மரத்துப்போயிருந்தது.

"ஜான்சி ஏதாச்சும் சொன்னாளா?"

"பேட்டரி ரெண்டையும் எறக்கி உள்ள வெக்கச் சொன்னாங்க." கண்ணாயிரம் கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டினார். "உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல."